ஷீபாவைவிடப் பெரிய மோட்டார்

மைசூர் மைன்ஸ் ஏற்றத்தில் ஷீபா பெடலே மிதிக்காமல் என்னைத் தாண்டிப் போனாள். ஒரு கை ஹேண்டில்பாரில் இருந்தது. இன்னொரு கையால் தலையில் கிளிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தாள். நானோ சீட்டைவிட்டு எழுந்து நின்று, நாக்குத் தள்ள மிதித்துக்கொண்டிருந்தேன்.

"முன்னாடி போய் சீட்டு போட்டு வைக்கிறேன்டி பவி, நீ மெதுவா வா!"

அந்த 'மெதுவா வா' காதில் விழுந்த நொடியில்தான் எனக்கு அந்த யோசனை பிறந்தது. என் சைக்கிளுக்கும் மோட்டார் வைக்க வேண்டும். அதுவும் ஷீபாவினுடையதைவிடப் பெரிய மோட்டார்.

ஷீபா, சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கட்டிய எங்கள் லைனில் மூன்றாவது வீடு. ஒன்றாம் வகுப்பிலிருந்து என்கூடப் படித்தவள். பெங்களூரில் ஒரு ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுக்கும் வேலை பார்க்கிறாள். நான் எலக்ட்ரானிக்ஸ் இன்ஜினியர். (சான்றிதழ் இருக்கிறது. பிரேம் போட்டு மாட்டியும் இருக்கிறது.) மோட்டார், பேட்டரி, கன்ட்ரோலர் என்று நான்கு வருஷம் பாடம் படித்தவள் மூச்சு வாங்க மிதிக்கிறாள். ஊசி குத்துகிறவள் மோட்டாரில் மிதந்து போகிறாள். இதை எந்த இன்ஜினியர் தாங்குவாள்?

வெளியூர்க்காரர்களுக்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்களுடையது மூடிப்போன தங்கச் சுரங்கங்களின் ஊர்; மைசூர் மைன்ஸும் அப்படி ஒரு சுரங்கம்தான். எங்கள் வீட்டிலிருந்து கோரமண்டல் ஸ்டேஷன் கூப்பிடு தூரம். பல் தேய்த்துக்கொண்டே போய் ரயில் ஏறலாம். ஆனால் யாரும் அங்கே ஏற மாட்டோம். பெங்களூர் போகிற காலை வண்டி மாரிகுப்பத்தில் கிளம்புகிறது. கோரமண்டலுக்கு வருவதற்குள் சீட்டெல்லாம் போய்விடும். அங்கே ஏறினால் பெங்களூர் வரைக்கும் ஒற்றைக்காலில் தவம். அதனால் சொந்த ஸ்டேஷனை முதுகுக்குப் பின்னால் விட்டுவிட்டு, பெங்களூருக்கு எதிர்த்திசையில் மாரிகுப்பம் வரை சைக்கிள் மிதித்துப் போய், துப்பட்டாவைப் போட்டு சீட்டுப் பிடித்து, அரைமணி கழித்து அதே கோரமண்டலைச் சன்னல் வழியாகக் கௌரவமாகக் கடந்து போவோம். வெளியாள் பார்த்தால் பைத்தியம் என்பான். எங்களுக்கு அது நியாயம்.

அந்தக் கௌரவத்தில் ஷீபா எனக்கு மேலே போய்விட்டாள் என்பதுதான் பிரச்சினை. அம்மா வேறு தினமும் எண்ணெய் ஊற்றினாள். "ஷீபாவப் பாரு, வேர்வையே இல்லாம வேலைக்குப் போவுது. நீ போவும்போதே வேலை முடிச்சிட்டு வந்தவ மாதிரி இருக்க."

நான் ஆராய்ச்சியில் இறங்கினேன். ஒரு மாதம் தூக்கத்தில்கூட வாட்ஸ், வோல்ட்ஸ் என்று புலம்பினேனாம். பெட்ரோல் இன்ஜின் கிட் ஒன்று இருந்தது. வீடியோவில் அது போட்ட சத்தத்துக்கே அம்மா சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்துவிட்டாள், அதனால் வேண்டாம். டயரை உரசி ஓடும் ரோலர் வகை மழையில் வழுக்கும். பெடலுக்கு நடுவில் மாட்டும் மோட்டார் ஏற்றத்துக்குச் சிறந்தது, ஆனால் அப்பாவின் பழைய சைக்கிளில் உட்காராது. மிச்சம் இருந்தது சக்கரத்துக்குள்ளேயே மோட்டார் இருக்கும் வகை. முன்சக்கரமா பின்சக்கரமா என்பதுதான் கேள்வி.

இங்கே அறிவு வேலை செய்திருக்க வேண்டும். பொறாமை வேலை செய்தது. ஷீபாவுக்குப் பின்சக்கரம், அதனால் எனக்கு முன்சக்கரம். ஷீபாவுக்கு இருநூற்றைம்பது வாட், அதனால் எனக்கு ஐந்நூறு. ஒரு இன்ஜினியரின் முடிவெடுக்கும் முறை இவ்வளவுதான்.

பெட்டி வந்தது. சக்கரம், பேட்டரி, வயர்கள். கூடவே ஒரு சின்ன பாலித்தீன் பையில் கையளவு இரும்புப் பட்டை ஒன்று, ஒரு முனையில் ஓட்டையோடு. டார்க் ஆர்ம் என்று எழுதியிருந்தது. மோட்டார் சக்கரத்தை ஒரு பக்கம் தள்ளும்போது நடுவில் இருக்கிற அச்சு எதிர்ப்பக்கம் சுழலப் பார்க்கும். அதைச் சுழலவிடாமல், சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கோடு சேர்த்துப் பிடித்துக்கொள்வதுதான் இந்தப் பட்டையின் வேலை. இதெல்லாம் எனக்குத் தெரியும், பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன்.

ஆனால் மாட்டினால் அசிங்கமாக இருந்தது. ஷீபாவின் வண்டி மட்டும் வழவழவென்று இருக்கிறதே? சந்தேகம் தீர, கறிவேப்பிலை கேட்கிற சாக்கில் அவள் வீட்டுக்குப் போனேன். வாசலில் சுவரோரம் சாய்த்திருந்த சைக்கிளைக் குனிந்து உற்றுப் பார்த்தேன். பட்டை இல்லை. 'அவளே போடவில்லை, நான் ஏன் போட வேண்டும்?' பட்டை ஆணி டப்பாவுக்குப் போனது. கறிவேப்பிலை ரசத்துக்குப் போனது.

ஒரு வாரம் சமதரையில் ஓட்டிப் பார்த்தேன். பறந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த நேரம் பார்த்து ஆயுத பூஜை வந்தது. எங்கள் லேடீஸ் பெட்டிக்கு வருஷா வருஷம் பூஜை போடுவோம். விடுமுறைக்கு முந்தின நாள் மாரிகுப்பத்தில் வண்டி நிற்கும்போதே வாசலில் வாழைக்கன்று கட்டி, மாலை போட்டு, கண்திருஷ்டிக்குப் பூசணிக்காய் சுற்றி உடைப்போம். பெட்டியின் தலைவி லட்சுமியக்கா. கார்மெண்ட்ஸில் சூப்பர்வைசர். அவங்க அதட்டினால் டிடிஆரே எழுந்து இடம் கொடுப்பார். பூசணிக்காயையும் வாழைக்கன்றையும் கொண்டுவரும் பொறுப்பு மூன்று வருஷமாக ஷீபாவுக்கு.

"அக்கா, ஷீபா சர்ச்சுக்குப் போறவ. அவகிட்ட போய் திருஷ்டிப் பூசணிக்கா..." என்று இழுத்தேன். (இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. எழுதிவிட்டேன்.)

"பூசணிக்காய்க்கு மதம் கீதா இன்னா? நேரத்துக்கு வருது, அதான் வேணும்."

"இந்த வருஷம் நான் கொண்டுவரேன்கா. என் வண்டி டபுள் பவர்."

லட்சுமியக்கா என்னை மேலும் கீழும் பார்த்தாங்க. "சரி. வரலைன்னா அடுத்த வருஷம் பூசணிக்காய்க்குப் பதிலா உன்னைத்தான் சுத்துவேன்."

அந்தக் காலை வந்தது. கேரியரில் இரண்டு வாழைக்கன்று, முன்கூடையில் சாம்பல் பூசணி, ஹேண்டில்பாரில் மாலைப் பை. நான் போவதைப் பார்த்தால் கல்யாண மண்டபமே சக்கரம் வைத்துக் கிளம்பியது போல இருந்திருக்கும். கோரமண்டல் தாண்டி முதல் ஏற்றம். முன்னால் ஷீபா போய்க்கொண்டிருந்தாள், அதே நிதானத்தில்.

நான் ஆக்ஸிலரேட்டரை முழுசாகத் திருகினேன். வண்டி பாய்ந்தது. அவள் பக்கத்தில் போனேன். தாண்டினேன். ஒரு மாதமாகக் கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்த வசனத்தை எடுத்துவிட்டேன்.

"முன்னாடி போய் சீட்டு போட்டு வைக்கிறேன்டி ஷீபா, நீ மெது..."

'வா' வரவில்லை. 'டக்' என்றுதான் வந்தது. அச்சு தன் பள்ளத்துக்குள்ளேயே கரகரவென்று சுழன்று, நட்டைக் கழற்றி, வயரைச் சுருட்டிப் பிய்த்துக்கொண்டு ஃபோர்க்கைவிட்டு வெளியே வந்தது. சக்கரம் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். பூசணிக்காய் மட்டும் நேராக ஏற்றத்தின் நடுவே போய், சாஸ்திரப்படி நாலாகச் சிதறியது.

எதிர் டீக்கடைக்காரர் கிளாஸைக் கழுவிக்கொண்டே, "இன்னாம்மா, பூஜை இங்கயே போட்டுட்ட? குங்குமம் தடவ மறந்துட்டியே!" என்றார்.

ஷீபா ஓடிவந்தாள். "அடி பட்டுதாடி?"

"இல்ல." (முட்டியில் ரத்தம். ரத்தம் எடுப்பதையே தொழிலாகக் கொண்டவளிடம் இந்தப் பொய்.)

கர்ச்சீப்பை எடுத்து என் முட்டியில் கட்டினாள். பிறகு ஃபோர்க்கைக் குனிந்து பார்த்தாள். "டார்க் ஆர்ம் எங்கடி?"

"உன் வண்டியிலயும்தான் இல்லையே!"

"இருக்கே. அந்தப் பக்கம், செவுத்துப் பக்கமா சாய்ச்சிருப்பேன்." சொல்லிவிட்டு நிமிர்ந்தாள். "ஆமா, என் வண்டிய நீ எப்போ பாத்த?"

நான் வாழைக்கன்றைப் பார்த்தேன்.

"கறிவேப்பிலை கேக்க வந்தியே, அப்பவா?"

பூமி பிளந்து உள்ளே போகலாம் என்றால், எங்கள் ஊரில் ஏற்கெனவே வேண்டிய அளவு பிளந்து வைத்திருக்கிறார்கள். அதில் ஒன்றுகூட அந்த இடத்தில் இல்லை.

ஷீபா கீழே கிடந்த மாலைப் பையை எடுத்துத் தன் ஹேண்டில்பாரில் மாட்டினாள். வாழைக்கன்றுகளைத் தன் சைக்கிளில் கட்டினாள். "என் வண்டிய எடுத்துக்கினு ஓடு. லட்சுமியக்கா காத்துக்கினு இருப்பாங்க. நான் உன் வண்டிய வீட்ல போட்டுட்டு கோரமண்டல்ல ஏறிக்கிறேன்."

"சீட்டு இருக்காதுடி."

"நின்னுக்கினு வரேன், போ."

அவள் சைக்கிளில் ஏறினேன். ஏற்றத்தில் அது சத்தமில்லாமல், திமிறாமல், பாலில் கரண்டி போவது போலப் போனது. அப்போது எனக்கு வந்தது நன்றியுணர்ச்சி என்று எழுதத்தான் ஆசை. 'இவ்வளவு சுகமாவா தினமும் போயிருக்கா!' என்பதுதான் வந்தது.

மாரிகுப்பத்தில் லட்சுமியக்கா பெட்டி வாசலிலேயே நின்றிருந்தாங்க. "பூசணிக்காய் எல்லிம்மா?" என்று கன்னடம் கலந்து கேட்டாங்க.

"ரோட்டுல இருக்குக்கா."

"ரோட்டுல இன்னா பண்ணுது?"

பதில் சொல்வதற்குள் விசில் ஊதிவிட்டார்கள். வாழைக்கன்று கட்டினோம், மாலை போட்டோம், வண்டி கிளம்பியது. பூசணிக்காய் இல்லாத பூஜை என்று பெட்டி முழுக்க முணுமுணுப்பு. நான் துப்பட்டாவால் முகத்தை மூடி, தூங்குகிறவள் போல உட்கார்ந்திருந்தேன்.

கோரமண்டலில் வண்டி நின்றதும் வெளியே ஒரே கூச்சல். எட்டிப் பார்த்தேன். பிளாட்பாரத்தில் ஷீபா நிற்கிறாள். இடுப்பில், பச்சைப்பிள்ளையைத் தூக்கி வைத்திருப்பது போல ஒரு சாம்பல் பூசணி! அவள் அம்மா தங்கள் வீட்டுக் கூரையில் படரவிட்ட கொடியில் காய்த்ததாம். என் வண்டியைப் போட்டுவிட்டு, கூரை ஏறிப் பறித்துக்கொண்டு வந்திருக்கிறாள். பெட்டியே கைதட்டியது. லட்சுமியக்கா அவளைக் கட்டிக்கொண்டாங்க. நான் எழுந்து என் சன்னல் சீட்டை அவளுக்குக் கொடுத்தேன். பெங்களூர் வரை நின்றேன், கட்டுப்போட்ட காலோடு.

பங்காரப்பேட்டையில் வண்டி கொஞ்சநேரம் நின்றபோது பிளாட்பாரத்தில் இறங்கி, பூசணிக்காயில் குங்குமம் தடவி, கற்பூரம் வைத்தார்கள். "மொதல்ல பவிக்குச் சுத்துங்கம்மா. புது வண்டி, யார் கண்ணு பட்டுதோ பாவம்!" என்றாங்க லட்சுமியக்கா.

யார் கண் என்று அந்தப் பிளாட்பாரத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருத்தி நான். இன்னொருத்தி உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு பூசணிக்காயை என்னைச் சுற்றிச் சுற்றினாள்.

இரண்டு வருஷம் ஆகிறது. வீட்டில் நான் கறிவேப்பிலை என்று வாயைத் திறந்தாலே போதும், "எந்த வீட்டு வண்டிய பாக்கப் போற?" என்கிறாள் அம்மா. போன மாதம் ஒரு மாப்பிள்ளை போட்டோ வந்தது. அப்பா அதைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். "இல்லம்மா, செவுத்துப் பக்கமும் பாத்துடலாம்னுதான்" என்றார். பேசவே மாட்டார். பேசினால் இப்படி.

இப்போது புது கிட் வாங்கியிருக்கிறேன். பின்சக்கரம். இந்தமுறை ஷீபாவையே கூப்பிட்டேன், ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் வந்து சேர்ந்து மாட்டித்தர. நேற்று பெட்டியைப் பார்க்க வந்தாள். மோட்டாரைத் தூக்கிப் பார்த்தாள், திருப்பிப் பார்த்தாள், ஒட்டியிருந்த லேபிளைப் படித்தாள்.

"இது பெடல் மிதிக்கிற அழுத்தத்தைப் பாத்து, அதுவே பவர் கூட்டிக் குறைக்குமா?"

"ஆமாடி. புது மாடல்."

"ஓ" என்றாள்.

அந்த 'ஓ'வை நான் எங்கே கேட்டாலும் அடையாளம் கண்டுபிடித்துவிடுவேன். எத்தனை வருஷம் நானே போட்ட 'ஓ' அது! எனக்கு உள்ளங்காலிலிருந்து உச்சந்தலை வரை குளிர்ந்தது.

வாசல்வரை போனவள் திரும்பி வந்தாள். "ஞாயிறு வரைக்கும் எதுக்குடி? சனிக்கிழமையே மாட்டிடலாம். மைசூர் மைன்ஸ் ஏற்றத்துல மொதல்ல நான் ஓட்டிப் பாக்குறேன்."

சனிக்கிழமை மாட்டுகிறோம். முதலில் யார் ஓட்டுவது என்பதில் மட்டும் இன்னும் பேச்சுவார்த்தை நடக்கிறது.