ஜூன் வரைக்கும் வெங்காயம்

இந்த வருஷம் மகள் வீட்டுக்குப் போவதில்லை என்று அருளானந்தம் முடிவெடுத்துவிட்டார். எடுத்து மூன்று நாளாகியும் மனைவியிடம் சொல்லவில்லை. நாற்பத்தொரு வருஷக் குடித்தனத்தில் அவர் எத்தனையோ முடிவுகள் எடுத்திருக்கிறார். அல்போன்சம்மாளின் காதுக்குப் போனபிறகும் உயிரோடு இருந்தவை ஒன்றிரண்டுதான்.

மகள் ஜெசிந்தா இங்கிலாந்தில், லெஸ்டரில் இருக்கிறாள். போன குளிர்காலத்தில் ஐந்து மாதம் அங்கே தங்கிவிட்டு வந்தார்கள். அல்போன்சம்மாளுக்குச் சமையலறை கிடைத்தது. பேத்தி கேட்லினுக்குத் தலை வாரிவிடும் வேலை கிடைத்தது. இவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. தட்டைக் கழுவப் போனால், "விடுங்கப்பா, மெஷின் இருக்கு" என்றார்கள். குப்பையைக் கொட்டப் போனால், பச்சைத் தொட்டியில் போடவேண்டியதைக் கறுப்புத் தொட்டியில் போட்டுவிடுவார் என்று கையிலிருந்து வாங்கிக்கொண்டார்கள். முப்பத்திரண்டு வருஷம் சிங்கப்பூரில் பஸ் ஓட்டிய மனிதர், நாலு மணிக்கே இருட்டிவிடும் ஊரில் மூட்டை மாதிரி உட்கார்ந்திருந்தார். தான் இல்லாவிட்டால் அந்த வீட்டில் யாருக்கும் ஒன்றும் குறையாது என்ற நினைப்பு அவரை உள்ளுக்குள் அரித்தது. வெளியே சொல்ல வெட்கம்.

சரி, போகாமலிருக்க என்ன காரணம் சொல்வது? மூட்டுவலி என்றால் அன்றைக்கே பாலிகிளினிக்கில் கொண்டுபோய் உட்கார வைத்துவிடுவாள். பாஸ்போர்ட்டைக் காணோம் என்று போன வருஷமே சொல்லிப் பார்த்தாகிவிட்டது. அரிசி டின்னுக்குள்ளிருந்து ஐந்தே நிமிஷத்தில் எடுத்துக் கொடுத்தாள்.

புக்கிட் மேரா நூலகத்தில் ஒரு மத்தியானம் பொழுது போகாமல் தோட்டக்கலைப் பத்திரிகையைப் புரட்டியபோதுதான் வழி பிறந்தது. இலையுதிர் காலத்தில் விதை வெங்காயம் நட்டால் அடுத்த ஜூனில் அறுவடை, அதுவரை நல்ல கவனிப்பு தேவை என்று போட்டிருந்தது. அருளானந்தம் விரல் விட்டு எண்ணினார். ஏழு மாதம்! அதற்குள் குளிர்காலமே ஓடிவிடும்.

கீழே காப்பிக் கடையில் பக்கத்து வீட்டுத் தங்கராஜுவிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னார்.

"அண்ணே, சிங்கப்பூர்ல ஏதுண்ணே இலையுதிர் காலம்? இங்க தினமும்தான் இலை உதிருது. கூட்டறதுக்கு ஆள் வருது."

"நவம்பர் மழை இருக்குல்ல? அதை வச்சுக்க வேண்டியதுதான்."

"பேசாம தேக்கா மார்க்கெட்டுல சின்ன வெங்காயம் வாங்கி நடுங்க லா. ரெண்டு மாசத்துல வந்துடும்."

"ரெண்டு மாசம் எனக்குப் பத்தாது, தங்கராஜு."

சாதாரண வெங்காயம் என்றால் அல்போன்சம்மாள் நம்பமாட்டாள். சீமை வெங்காயம்தான் வேண்டும். அன்றைக்கே போனில் தேடி, இங்கிலாந்துக் கடை ஒன்றில் ஐம்பது விதை வெங்காயம் ஆர்டர் செய்தார். அவர்கள் சிங்கப்பூருக்கு அனுப்புவதில்லை. அதனால் என்ன? மகளின் முகவரியைக் கொடுத்து, 'வந்ததும் அப்பாவுக்குத் தபாலில் அனுப்பு, அம்மாவிடம் சொல்லாதே' என்று அவளுக்குச் செய்தியும் போட்டார். மகள் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் படம் ஒன்றைப் பதிலுக்கு அனுப்பினாள்.

மூன்றாம் வாரம் அல்போன்சம்மாள் ஒரு காகிதப் பையைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள்.

"என்னங்க, ஜெசிந்தா என்னமோ அனுப்பியிருக்கா. பார்சலைப் பிரிச்சிட்டேன். வெங்காயமா இருக்கு."

அருளானந்தம் தொண்டையைச் செருமிக்கொண்டார். "விதை வெங்காயம். இங்கிலீஷ் ரகம். இப்ப நட்டா ஜூன்லதான் எடுக்கணும்."

"அடேயப்பா. அதுவரைக்கும்?"

"கூடவே இருந்து பார்க்கணும். ஒரு நாள் விட்டாலும் போச்சு."

"அப்ப லெஸ்டருக்கு?"

"நீ போயிட்டு வா அல்போன்சா. எனக்காக நீ ஏன் கஷ்டப்படணும்?"

அவள் சண்டை போடுவாள் என்று ஆறு பதில்கள் தயாராக வைத்திருந்தார். அவளோ, "பயிரை விட்டுட்டு எப்படி வருவீங்க, பாவம்" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். அப்போதே அவர் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

பையைப் பிரித்துப் பார்த்தார். "சாம்பார் வெங்காயம் மாதிரியே இருக்கே?"

"விதைன்னா சின்னதாத்தானே இருக்கும்?" என்றாள் அடுப்படியிலிருந்து.

சீமை வெங்காயத்துக்குக் குளிர் பழகியிருக்க வேண்டும் என்று இரண்டு வாரம் பிரிட்ஜில் வைத்தார். பிறகு காரிடாரில் எட்டுத் தொட்டிகளில் நட்டார். மழை விடாமல் பெய்தது. துணி காயவில்லை, வானம் வெளுக்கவில்லை. வெங்காயம் மட்டும் ஐந்தாம் நாளே முளைத்தது. பதினைந்தாம் நாள் பச்சைத் தாள் முழ உயரம் நின்றது.

"ஜூன் வரைக்கும் தாங்குமா இது?" என்றார் தங்கராஜு.

"இங்கிலீஷ் ரகம்பா. வேகம் அப்படித்தான்."

சொன்னாரே தவிர, மனசு நிறையவில்லை. டிசம்பர் நெருங்கிக்கொண்டிருந்தது. அவள் விமானம் ஏறிவிடுவாள். கிறிஸ்துமஸ் பூசைக்குத் தனியாகக் கோயிலுக்குப் போகவேண்டும். திரும்பி வந்தால் பேச்சுத்துணைக்கு எட்டுத் தொட்டி. ஜெயித்தவனுக்கு இவ்வளவு துக்கம் வருமா என்று அவருக்கே புரியவில்லை.

ஒரு காலையில் அல்போன்சம்மாள் கத்தரிக்கோலோடு காரிடாருக்கு வந்து, நாலு தொட்டித் தாளைக் கச்சிதமாக வெட்டினாள்.

"ஐயோ! என்ன பண்றே?"

"ஆம்லெட்டுக்கு. வர்ற பதினெட்டாம் தேதி கிளம்பறோம். அதுக்குள்ள எல்லாத்தையும் தீர்த்துடணும்."

"கிளம்பறோமா? என் வெங்காயத்தை யாரு பார்க்கறது?"

"அதைத்தான் நானும் கேக்கறேன்." போனை எடுத்து நீட்டினாள். படத்தில் லெஸ்டர் வீட்டுக் கொல்லை. ஈர மண்ணில் இரண்டு வரிசையாக ஊசி ஊசியாய்ப் பச்சை முளை. நடுவே ஒரு குச்சியில் அட்டை; அதில் கோணல் எழுத்தில் 'தாத்தா'.

"உங்க வெங்காயம் அங்க இருக்கு. ஜெசிந்தா எல்லாத்தையும் என்கிட்ட சொல்லிட்டா. வந்த அன்னைக்கே நட்டுடச் சொல்லிட்டேன். ஐம்பதுல பதினொன்னைக் குருவி பிடுங்கிப் போட்டுடுச்சாம்."

"அப்ப இது?" தொட்டிகளைக் காட்டினார்.

"தேக்கா வெங்காயம். சாம்பாருக்கு வாங்கினதுல மிச்சம்."

அவள் ஒரு குரல் செய்தியைத் தட்டிவிட்டாள். கேட்லினின் கீச்சுக்குரல்: "தாத்தா, பேர்ட்ஸ் எல்லாத்தையும் புல் அவுட் பண்ணுது. மம்மி வொர்க் போறாங்க, நான் ஸ்கூல் போறேன். யாருமே இல்ல தாத்தா. ப்ளீஸ் கம் குயிக்!"

அவர் அதை இன்னொரு தடவை போடச் சொன்னார். கண் கலங்கியது. சாரல் என்று துடைத்துக்கொண்டார்.

"போன தடவை நீங்க அங்க சும்மா உட்கார்ந்து வெந்துக்கிட்டு இருந்ததை நான் பார்க்கலைன்னு நினைச்சீங்களா?" என்றாள் அல்போன்சம்மாள், அடுத்த தொட்டித் தாளை வெட்டிக்கொண்டே.

அவருக்கு முறுக்கிக்கொண்டு இன்னும் ஒரு நாளாவது யோசித்ததாகக் காட்டவேண்டும் என்று ஆசைதான். ஆனால் இந்த நேரம் அங்கே பன்னிரண்டாவது வெங்காயம் போய்க்கொண்டிருக்கும். உள்ளே போய் ஸ்டூலைப் போட்டு ஏறி, அலமாரி மேலிருந்த பெட்டியை இழுத்தார். வரவில்லை. அவ்வளவு கனம். எப்படியோ இறக்கித் திறந்தால், அவருடைய ஸ்வெட்டர், குல்லா, கம்பளிக் காலுறை எல்லாம் இஸ்திரி போட்டு அடுக்கியிருந்தது.

"இதையெல்லாம் எப்ப அடுக்கினே?"

"நீங்க வெங்காயம் ஆர்டர் பண்ணின அன்னைக்கு."