வரைமுறைப் படிவம்

மனித நாகரிகத்தின் வரலாற்றை இரண்டாகப் பிரிக்கலாம்: எங்கள் பள்ளியின் இரண்டாம் வகுப்பில் 'வரைமுறைப் படிவம்' வருவதற்கு முன், வந்த பின். அதை உருவாக்கிய ஓவிய ஆசிரியன் என்ற முறையில், தற்பெருமை துளியும் இல்லாமல் இதைச் சொல்கிறேன்.

படிவத்துக்கு முந்தைய இருண்ட காலத்தில், தாளைக் கொடுத்த கையோடு பிள்ளைகள் வரையத் தொடங்கிவிடுவார்கள். யானையைக் கண்ணிலிருந்து ஆரம்பிப்பார்கள். தும்பிக்கை வருவதற்குள் தாள் தீர்ந்து, மிச்ச யானை மேசையில் போகும். யாரும் திட்டமிடுவதில்லை. சந்தோஷமாக வேறு இருந்தார்கள்.

வரைவதற்கு ஒரு முறை வேண்டாமா? நான்கு பக்கப் படிவம் ஒன்றைத் தயாரித்தேன். முக்கியப் பொருள் எது, தாளில் அதற்கு எந்த இடம், முன்னால் என்ன, பின்னால் என்ன, ஏன் என்றெல்லாம் எழுதி, ஒப்புதல் வாங்கிய பிறகே கிரேயானைத் தொடலாம். தலைமையாசிரியை மூன்று கூட்டம் போட்டு ஆராய்ந்தார். விளையாட்டு ஆசிரியர் மட்டும், பிள்ளைகள் எப்போது வரைவார்கள் என்று கேட்டார். 'பொருளுக்குத் தொடர்பில்லாத கேள்வி' என்று குறிப்பேட்டில் பதிவானது.

முதல் படிவத்தை நிரப்பியவள் முன்பெஞ்சு வாயாடி ஒருத்தி. வகுப்பே அவளை 'ரேடியோ' என்றுதான் கூப்பிடும். அவள் அம்மாவுக்குப் பிரசவத்துக்கு இன்னும் ஒன்றரை மாதம் இருந்தது. ஏதோ சிக்கல், படுக்கையை விட்டு எழக்கூடாது என்று மருத்துவமனையிலேயே வைத்துக்கொண்டார்கள். சின்னப் பிள்ளைகளை உள்ளே விடமாட்டார்களாம். அதனால் ஒரு படம் வரைந்து, ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் கொடுத்தனுப்ப வேண்டும் என்றாள்.

"அம்மா சிரிக்கிற மாதிரி சார். அதப் பாத்தா அவங்களும் சிரிப்பாங்க."

உன்னதமான நோக்கம். ஆனால் படிவத்தில் அம்மாவுக்குத் தாளின் நட்டநடுவில் இடம் ஒதுக்கியிருந்தாள். அது கலை அறியாதவர்கள் செய்வது என்று விளக்கித் திருப்பிக் கொடுத்தேன். மறுவாரம் அம்மாவை ஓரமாக நகர்த்திக் கொண்டுவந்தாள். படிவப்படி அம்மா கட்டிலைவிடப் பெரிதாக இருந்தார். விகிதம் என்று ஒன்று இருக்கிறதே? திருப்பினேன். மூன்றாவது வாரம், அறைக்குள் சூரியன். 'ஏன்?' என்ற கட்டத்தில், 'அங்க இருட்டா இருக்குன்னு அப்பா சொன்னாங்க' என்று எழுதியிருந்தாள். 'ஒளியின் திசை தெளிவாக இல்லை' என்று சிவப்பு மையில் குறித்தேன்.

ஒவ்வொரு ஞாயிறும் அவள் அப்பா வெறுங்கையோடு மருத்துவமனைக்குப் போனார். ரேடியோவின் சத்தமும் குறைந்துகொண்டே வந்தது. திட்டமிடுதல் குழந்தைகளுக்கு மன அமைதி தருகிறது என்று என் அறிக்கையில் சேர்த்துக்கொண்டேன்.

ஆறாவது வாரம் அப்பாவே பள்ளிக்கு வந்தார். பேருந்து ஓட்டுநர், வேலை உடுப்போடு வந்திருந்தார். மகளின் கோப்பைப் பெருமையோடு எடுத்துக் காட்டினேன். இருபது பக்கம், பக்கத்துக்குப் பக்கம் என் கையெழுத்தில் ஆலோசனைகள். பொறுமையாகக் கடைசிவரை புரட்டினார்.

"படம் எங்க சார்?"

"இன்னும் ஒரே ஒரு திருத்தம்தான். அடுத்த வாரம் ஒப்புதல் கிடைச்சிடும்."

"அவசரமில்ல சார். முந்தாநாள் பையன் பொறந்துட்டான். நாளைக்கு ரெண்டு பேரும் வீட்டுக்கு வர்றாங்க. இனி அம்மாவ அவ நேர்லயே பாத்துக்குவா."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும்.

விதிப்படி, வரையாத படத்தின் கோப்பை மூட வேண்டுமானால், மாணவரே அதற்குக் காரணம் எழுத வேண்டும். ரேடியோவைக் கூப்பிட்டுக் கடைசிப் பக்கத்தைக் கொடுத்தேன். அவள் யோசிக்கவே இல்லை. நின்றபடியே எழுதி என் மேசையில் வைத்துவிட்டு, தம்பிப் பாப்பாவைப் பற்றிப் பள்ளிக்கூடம் முழுக்கக் கேட்கும்படி பேசிக்கொண்டே ஓடிப்போனாள்.

எடுத்துப் பார்த்தேன்.

'படம் வரையப்படாததற்குக் காரணம்: டிராயிங் சார்.'

எழுத்துப் பிழைகூட இல்லை. திருத்தம் எதுவும் சொல்லாமல் நான் கையெழுத்துப் போட்ட முதல் படிவம் அதுதான்.