வெயில் ஏறுவதற்குள் விற்ற கிடாக்கள்

ராஜவேலு பச்சைமுத்துவைக் கடைசியாக உயிரோடு பார்த்தது ஒரு பனிக்காலையில். ஏரியும் வானமும் ஒரே வெளுப்பாகக் கிடந்தன. ஆட்டு வியாபாரி பச்சைமுத்து மொபெட்டின் பின்னால் ஒரு கிடாவைக் கட்டிக்கொண்டு கரையோரமாகப் போனார். முதலில் அவர் பனிக்குள் மறைந்தார். கிடாவின் முகம் மட்டும் கொஞ்ச நேரம் ஊரைப் பார்த்தபடி மிதந்தது. மறுவாரம், மாரடைப்பு என்று செய்தி வந்தது.

அதன்பின் அந்த மீனவக் குப்பத்துக்கு ஆடு வாங்க யாரும் வரவில்லை. பச்சைமுத்துதான் அந்த ஊருக்குச் சந்தை. அவர் ஆட்டின் இடுப்பைப் பிடித்துத் தூக்கிப் பார்த்துச் சொல்வதுதான் எடை. அவரோடு சந்தை, எடை இரண்டும் போய்விட்டன.

ராஜவேலுவின் வீட்டில் விற்கிற பருவத்தில் நான்கு கிடாக்கள் நின்றன. வளர்த்தவள் அவர் மனைவி இருசம்மாள். தடுப்பூசி போட கால்நடை மருந்தகம் வரை இழுத்துக்கொண்டு போனது அவள். உப்புத்தரையில் நல்ல மண் கொட்டி அகத்தி வளர்த்ததும் அவள். குளம்பில் ஈரம் படக்கூடாது என்று பலகைப் பரண் கட்டச் சொன்னதும் அவள்தான். பரணுக்கு ஆணி அடித்தது மட்டும் ராஜவேலு. அந்த ஆணிகளின் பலத்தில்தான் அவர் ஒருநாள் பங்கு கேட்டார்.

காரணம், எஞ்சின். ஏரியில் கழி ஊன்றிப் படகைத் தள்ளும்போதெல்லாம் அவர் காதுக்குள் ஒரு எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. பூநாரைகள் ஒற்றைக் காலில் தூங்கும். அவர் இரண்டு காலில் தூங்குவார். கனவில் படகு தண்ணீரைக் கிழித்துக்கொண்டு பறக்கும், காட்டுப்பள்ளித் துறைமுகத்துக் கப்பல்கள் ஒதுங்கி வழிவிடும். கழி சேற்றில் சிக்கி, கழியில் அவர் தொங்க, படகு அப்பால் நழுவிப் போனபிறகுதான் விழிப்பு வரும்.

"கிடா நாலும் என் பங்கு. நானே பொன்னேரிச் சந்தைல வித்துட்டு வரேன்."

"நீயா?"

"ஏன், எனக்கு வாயில்லியா?"

அந்தக் குப்பத்தில் ஆண்கள் பிடிப்பார்கள், பெண்கள் விற்பார்கள். படகு கரையைத் தொட்டதும் ஆண் வலையை உதறப் போய்விடுவான். கூடையும் பேரமும் பெண்ணுடையவை. ராஜவேலு பிறந்ததிலிருந்து ஒரு இறாலைக்கூட விற்றதில்லை. கரையில் மீன் ஏலம் நடக்கும்போது தூரத்தில் நின்று பார்த்திருக்கிறார். அதில் அவர் கற்றுக்கொண்ட பாடம், வெயில் ஏறினால் விலை இறங்கும் என்பது.

சண்டை வரும் என்று தயாராக நின்றார். இருசம்மாள் அகத்திக்கீரையை உருவிக்கொண்டே சொன்னாள்.

"சரி. நீ வித்த காசு உனக்கு. எஞ்சின் வாங்கு, ஏரோப்ளேன் வாங்கு, நான் கை வெக்க மாட்டேன். ஆனா அத்தோட சரி. இன்னொரு தபா ஆட்டுல பங்குன்னு வாயத் தொறக்கக்கூடாது, இன்னா?"

அவர் சந்தோஷமாகத் தலையாட்டினார்.

சந்தையன்று விடியும் முன்பே குட்டியானை என்கிற சின்ன லாரியில் கிடாக்களோடு போய் இறங்கினார். பொன்னேரியும் பனிக்குள்தான் இருந்தது. நூற்றுக்கணக்கான ஆடுகளின் மூச்சு ஆவியாக எழுந்து மேலே மேகமாக நின்றது. அந்த மேகத்திலும் எஞ்சின் சத்தம் கேட்டது. அவர் எஞ்சினை நினைத்தே ஒரு விலை சொன்னார்.

புர்கா போட்ட ஒரு பெண் எதிரில் வந்து நின்றாள். கிடாக்களின் பல்லைப் பார்த்தாள். முதுகைத் தடவினாள். பேசவில்லை. அவர் விலையைத் திரும்பச் சொன்னார். அவள் நிமிர்ந்து சூரியன் இருந்த பக்கம் பார்த்தாள்.

ராஜவேலுவும் பார்த்தார். பனி விலகி வெயில் வந்துகொண்டிருந்தது. கொஞ்சம் இறக்கிச் சொன்னார். அவள் நின்றாள். இன்னும் இறக்கினார். அவள் மறுபடி சூரியனைப் பார்த்தாள். பக்கத்து வியாபாரிகள் கால்மேல் கால் போட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். இவர்களுக்கு ஒரு பதற்றமும் இல்லையே என்று ராஜவேலு பரிதாபப்பட்டார். பிறகு குழாயடிக்கு ஓடி ஒரு வாளி தண்ணீர் கொண்டுவந்து, வாடிவிடாமல் இருக்க நான்கு கிடாக்கள் மேலும் தெளித்தார். ஒரு கிடா தும்மியது. புர்காவுக்குள் அந்தப் பெண்ணின் தோள்கள் குலுங்கின.

நல்ல வெயில் விழுவதற்குள் நான்கையும் தள்ளிவிட்டார். நெற்றியைத் துடைத்தபோது, தப்பித்தோம் என்றுதான் தோன்றியது. விற்ற காசு எஞ்சினுக்குப் போதுமா என்றுகூட எண்ணிப் பார்க்கவில்லை. பஸ்ஸில் உட்கார்ந்தபடியே மனசுக்குள் எஞ்சின் படகில் ஏரி முழுக்க ஒரு சுற்றுப் போய்வந்தார்.

வீடு வந்தபோது பரணில் நான்கு கிடாக்களும் நின்று அகத்தி தின்றுகொண்டிருந்தன. ஒன்று இன்னும் தும்மிக்கொண்டிருந்தது. முகத்திரையைத் தூக்கிவிட்டு அந்தப் பெண் இருசம்மாளோடு டீ குடித்துக்கொண்டிருந்தாள்.

"பழவேற்காட்டு நூருன்னிசா. கருவாடு விக்கப் போனப்போ பழக்கம்," என்றாள் இருசம்மாள்.

"மனசுல வெச்சுக்காதீங்கண்ணா. பேசாம நில்லு, அவரே எறங்கி வருவாருன்னு அக்கா சொல்லி அனுப்புச்சு. தண்ணி தெளிப்பீங்கன்னு மட்டும் சொல்லல."

"தண்ணி தெளிச்சாரா?" இருசம்மாள் டம்ளரைக் கீழே வைத்தாள். "யோவ், ஆடு இன்னா நாறியா போவும்?"

"வெயில் ஏறிடுச்சு இருசு."

"ஏறட்டுமே. சாயங்காலம் வரைக்கும் ஆடு ஆடாத்தான் இருக்கும்."

பிறகு அவர், கிடாக்களை வாங்கிய காசு யாருடையது என்று கேட்டார். இருசம்மாளின் சீட்டுக் காசுதான். அவருடைய பங்கை அவரிடமே, மீன் விலைக்கு வாங்கியிருந்தாள்.

பக்ரீத்துக்கு முந்தின வாரம் நூருன்னிசா டவுனிலிருந்து ஆட்களைக் கூட்டிவந்தாள். தொங்கு தராசில் எடை போட்டு, வாசலிலேயே கிடாக்கள் நான்கும் விலைபோயின. இப்போது குப்பத்துப் பெண்கள் எல்லோருமே அந்தத் தராசில் நிறுத்துத்தான் விற்கிறார்கள். இருசம்மாள் இரண்டாவது பரண் கட்டினாள். ஆணி அடிக்க வெளியிலிருந்து ஆள் வந்தது.

ராஜவேலுவின் காசுக்கு எஞ்சினில் தண்ணீரைத் தள்ளும் விசிறி மட்டும் வந்தது. அது வீட்டில் இருக்கிறது.