இரண்டு நாட்டு ஆறும் எங்கள் மூலைத் தொட்டியும்

தண்டையார்பேட்டை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பும் மரியாதையும் மிகுந்த மச்சான் பாலகணேஷ் அவர்களுக்கு, மாசானம் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கு நானும், தங்கள் தங்கை செல்லக்கனியும், லீவுக்கு வந்திருக்கும் மகள் சுஜாவும் நலம். அங்கு தாங்களும், அக்காவும், ஆபரேஷன் செய்துகொண்ட தங்கள் வலது முழங்காலும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறோம்.

போனில் சொல்ல வேண்டிய சங்கதியைக் கடிதத்தில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. போனில் நான் பேச ஆரம்பித்தால் தாங்கள் நடுவில் பேசிவிடுவீர்கள். கடிதத்தில் அது நடக்காது. சுஜா பன்னிரண்டாவது முடித்துத் தண்ணீர் சம்பந்தமான இன்ஜினீயரிங் படிக்கப் போகிறேன் என்றபோது, என் கடை வாசலில் நின்று நாலு வாடிக்கையாளர் காதில் விழும்படி, “தண்ணியப் படிச்சா தண்ணி லாரிதான் மச்சான் ஓட்டலாம்” என்று தாங்கள் சொன்னீர்கள். பள்ளிக்கூடத்தில் இருந்து மீஞ்சூருக்குக் கூட்டிப்போய்க் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையைக் காட்டிய நாளிலிருந்து அந்தப் பிள்ளைக்கு வேறு நினைப்பே இல்லை என்று நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். போகட்டும். கடந்த புதன்கிழமை நடந்ததை மட்டும் எழுதுகிறேன், தாங்களே நியாயம் சொல்லுங்கள்.

சுஜா வேலை பார்ப்பது, ஒரே ஆற்றைப் பங்கிட்டுக்கொள்ளும் இரண்டு நாடுகளையும் பல வருஷமாக உட்கார வைத்துப் பேச வைக்கும் அலுவலகம். நாடுகளின் பெயரை வெளியே சொல்லக்கூடாதாம், அதனால் மேல்நாடு, கீழ்நாடு என்றே எழுதுகிறேன். போன மழையில் மேல்நாட்டுக்காரர்கள் சொல்லாமல் அணையைத் திறந்துவிட்டதில் கீழ்நாட்டில் இருநூறு வீடுகளை வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது. கேட்டால், நாங்கள் திறந்தது கொஞ்சம்தான் என்கிறார்கள் இவர்கள். இல்லை, முழுக்கத் திறந்தீர்கள் என்கிறார்கள் அவர்கள். இதற்கான கூட்டம் புதன்கிழமை கம்ப்யூட்டரில் நடப்பதாக இருந்தது. நடத்த வேண்டிய பெரிய அதிகாரிக்குத் திடீர்க் காய்ச்சல். இதுவரை ஓரமாக உட்கார்ந்து குறிப்பு எழுதிக்கொண்டிருந்த நம் சுஜாதான் நடத்தியாக வேண்டும் என்று காலை எட்டு மணிக்குச் செய்தி வந்தது. அன்றைக்கும் ஒன்றும் முடிவாகாவிட்டால் மேல்நாடு எழுந்து போய்விடும், அடுத்த மழைக்குள் பேச்சே கிடையாது என்றாள்.

பதினோரு மணிக்குக் கூட்டம் ஆரம்பித்து ஐந்து நிமிஷத்தில் கரண்ட் போனது. மாடியில் இன்வெர்ட்டர் கிடையாது, கடைக் கிடங்கில் பால் ஃப்ரிட்ஜுக்கு மட்டும்தான் உண்டு. அந்த ஒயரைப் பிடுங்கி (அறுபது பாக்கெட் பால் திரிந்தது, அதை விடுங்கள்) கம்ப்யூட்டரைச் சொருகி, அரிசி மூட்டைகளுக்கு நடுவே ஸ்டூல் போட்டு அவளை உட்கார வைத்தேன். பக்கத்தில் மிளகாய் வற்றல் மூட்டை இருந்ததால் பேச ஆரம்பித்ததும் தும்மல். நான் தண்ணீர்ச் செம்பை எடுத்துக்கொண்டு ஓடியதில் லுங்கியோடு இரண்டு நாட்டுக்கும் தெரிந்துவிட்டேன். மேல்நாட்டு அதிகாரி, வெள்ளை மீசை வைத்த பெரியவர், என்னைப் பார்த்து எழுந்து நின்றே கும்பிட்டார். பின்னால் அடுக்கியிருந்த மூட்டைகளை வெள்ளத்துக்கு அடுக்கிய மணல் மூட்டைகள் என்று நினைத்து, எப்போதும் தயாராக இருக்கிறீர்கள் என்று பாராட்டினாராம். சுஜா மறுத்துப் பேசவில்லை. நாட்டின் கௌரவம் இருக்கிறதல்லவா.

அந்த நேரம் பார்த்துத் தெருவில் தண்ணீர் லாரி வந்தது. எங்கள் தெருவுக்கும் பின்தெருவுக்கும் பொதுவாக மூலையில் ஒரு கறுப்புத் தொட்டி உண்டு, அதில் பின்தெருப் பக்கக் குழாய்ப் பூட்டின் சாவி என்னிடம். முதலில் பிடிப்பது எங்கள் தெரு. காட்டுப்பள்ளி துறைமுகத்துக்கு டிரெய்லர் ஓட்டும் ஜெயவேல் குழாயைப் போட்டுவிட்டான் போல. பின்தெருவில் இட்லிக்கடை வைத்திருக்கும் குப்பம்மாவின் குரல் கிடங்குச் சுவரைத் தாண்டி வந்தது.

“இன்னா ஜெயவேலு, எங்களாண்ட ஒரு வார்த்தை சொல்லாம ஓஸ் போட்டுகினு கீற? தொட்டில பாதிகூட இல்ல!”

“யக்கா, லாரிக்காரனே பாதிதான் ஊத்திட்டுப் போனான். நான் இன்னா பண்ண?”

“யாரு பாத்தா? உன் கண்ணை நான் நம்பணுமா? எவ்ளோ வந்துச்சுன்னு ரெண்டு தெருவும் ஒண்ணா நின்னு பாக்கணும், அப்பால பேசு பங்கு. பாக்காத தண்ணிக்கு இன்னா பங்கு?”

நான் வாசலுக்கு ஓடி, “அம்மா, உள்ளே இரண்டு நாட்டுக் கூட்டம்” என்று கையெடுத்துக் கும்பிட்டேன். “தொட்டி சாவியக் குடு மொதல்ல” என்று என்னைத் தள்ளிக்கொண்டு அவள் கிடங்குக்குள்ளேயே வந்துவிட்டாள். கம்ப்யூட்டரில் பத்து முகம். குப்பம்மா இடுப்பில் கை வைத்து நின்று பார்த்தாள்.

“யாரும்மா இவங்கல்லாம்?”

“ஒரே ஆத்துத் தண்ணிக்குச் சண்டை போடுத ரெண்டு நாடு, அக்கா” என்றாள் சுஜா.

“மேல கீறவன் எவன்?”

சுஜா வெள்ளை மீசையைக் காட்டினாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன், மச்சான்.

“நைனா” என்று குப்பம்மா அவரிடமே நேராகப் பேசினாள். “தொறக்கறதுக்கு மின்னாடி ஒரு வார்த்தை சொல்லு நைனா. கீழ புள்ளகுட்டி கீது. சொன்னா இன்னா கொறஞ்சா பூடுவ?”

அங்கே எல்லோரும் சுஜாவையே பார்த்தார்கள். பிள்ளை ஒரு நொடி யோசித்தாள். பிறகு, தொட்டிச் சண்டை உட்பட, ஒரு வார்த்தையைக்கூட மழுப்பாமல் இங்கிலீஷில் சொன்னாள். எனக்கு இங்கிலீஷ் அவ்வளவாக வராது. ‘நைனா’வை மட்டும் அப்படியே விட்டாள், அது காதில் விழுந்தது. கீழ்நாட்டிலிருந்து கொண்டை போட்ட ஓர் அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். அப்புறம் வெள்ளை மீசைக்காரர் சிரித்தார், பாருங்கள்! இத்தனை வருஷத்தில் அவர் சிரித்தது அதுதான் முதல் தடவையாம். நாலு மணிக்கு இரண்டு நாட்டாரும் சம்மதித்துக் கம்ப்யூட்டரிலேயே ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். கரண்டும் வந்தது.

மச்சான், இரண்டு அரசாங்கம் கூடித் தீர்க்க முடியாத ஆற்றை என் மகள் என் கிடங்கில், அரிசி மூட்டைக்கு நடுவில் உட்கார்ந்து பங்கு போட்டுவிட்டாள். கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தேன். ஜெயவேல் தன் தோஸ்துகளைக் கூட்டி, ‘ஆற்றைப் பிரித்து நாட்டை இணைத்த தண்டையார்பேட்டைத் தங்கமே’ என்று பத்தடிக்கு ஃப்ளெக்ஸ் கட்டிவிட்டான். சுஜா வெட்கப்பட்டு மாடியை விட்டு இறங்கவே இல்லை. இதைத் தாங்கள் அங்குள்ள நம் ஊர்ச் சங்கக் கட்டிடத்தில் நாலு பேருக்குச் சத்தமாகப் படித்துக் காட்டும்படி கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் வீட்டுக் கிணறும் மனசும் நிறைந்திருக்க வேண்டுகிறோம். பிள்ளைகளுக்கு எங்கள் ஆசிகள், அக்காவுக்கு வணக்கம். முழங்காலைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
பெருமையுடன்,
சுஜாவின் அப்பா மாசானம்.

பின்குறிப்பு: எழுத்துப்பிழை பார்க்கக் கடிதத்தைச் சுஜாவிடம் கொடுத்தேன். படித்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள். ஆற்றில் ஒரு சொட்டுக்கூட இன்னும் பங்கு போடவில்லையாம். எல்லையில் ஒரே ஓர் அளவுகோல் நட்டு, தினமும் காலையில் இரண்டு தரப்பும் ஒன்றாக நின்று பார்த்து ஒரே எண்ணை எழுதுவது, அணை திறக்குமுன் போன் செய்வது, அவ்வளவுக்குத்தான் கையெழுத்து. அதுவும் மூன்று மாதப் பரீட்சார்த்தம். “இதுக்கா ஃப்ளெக்ஸ் வச்சீங்க?” என்று கேட்டவள், என் முகத்தைப் பார்த்துவிட்டு, “இதுக்கே பதினோரு வருஷம் ஆச்சுப்பா” என்றாள். விஷயத்தைக் குப்பம்மாவிடம் சொல்லி வருத்தப்பட்டேன். “அப்ப நான் சொன்னதுதானே நடந்துகீது? ஃப்ளெக்ஸ்ல என் போட்டோ எங்க?” என்கிறாள். சங்கக் கட்டிடத்தில் படிப்பதை அடுத்த வாரத்துக்குத் தள்ளி வைக்கவும். புது ஃப்ளெக்ஸ் அச்சுக்குப் போயிருக்கிறது.