குட்டி டெலிபோன் கம்பெனிகள் சங்கம் வென்ற வரலாறு

ஒரு காட்டில் சிங்கம் இருந்தது என்றுதான் ஆரம்பிக்க வேண்டும். ஆனால் இந்தக் கதைக்குச் சிங்கம் எதற்கு, டெலிபோன் கம்பெனி வைத்திருந்த யானையே போதும். வாரணராயர் என்று பெயர். ஆற்றோரத்துப் பணக்கார மரங்களுக்கெல்லாம் கம்பி இழுத்தார். முட்புதருக்கும் மலையடிவாரத்துக்கும் இழுக்கச் சொன்னால், அங்கே யார் பேசப்போகிறார்கள் என்று கேட்டார்.

அதனால் அங்கங்கே இருந்தவர்கள் தாங்களே கம்பி இழுத்துக்கொண்டார்கள். புதரில் முயல், குளத்தங்கரையில் கொக்கு, மலையடிவாரத்தில் கீரிப்பெண் செங்கமலம். ஆளுக்கொரு குட்டிக் கம்பெனி. செங்கமலத்தின் எக்ஸ்சேஞ்சில் இயந்திரம் கிடையாது. யாருக்கு யார் வேண்டுமென்று அவளே கேட்டு, கையால் ஒயரைச் செருகுவாள். செருகியதும் காதிலிருந்து கருவியைக் கழற்றிவிட வேண்டும் என்பது விதி. குட்டிகளை வளர்க்கிறவளுக்கு ஆயிரம் வேலை, இதெல்லாம் ஞாபகம் இருக்குமா?

ஒருநாள் ராயர் ஆள்விட்டுச் சொன்னார்: கம்பெனிகளை எனக்கே விற்றுவிடுங்கள், இல்லாவிட்டால் என் கம்பியிலிருந்து உங்கள் கம்பியை வெட்டிவிடுவேன். வெட்டிவிட்டால் மலையடிவாரத்தார் தங்களுக்குள்ளேயே பேசிக்கொள்ள வேண்டியதுதான். அதற்கு டெலிபோன் எதற்கு, கத்தினாலே கேட்கும். பிழைப்பே போய்விடுமே என்று செங்கமலம் முயலையும் கொக்கையும் கம்பியில் கூப்பிட்டாள்.

உடனே சங்கம் பிறந்தது. முயல் தலைவர். சால்வை போர்த்தினார்கள், மனு எழுதினார்கள். மனுவை எடுத்துப்போக, பதறாதவர் என்று ஆமையைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆமை புறப்பட்டது. கம்பி வெட்டும் நாள் அதைவிட வேகமாக வந்தது.

கடைசியில் எல்லோருமாக ராயரிடம் நேரிலேயே போனார்கள். முயல் முழங்கியது, கொக்கு கெஞ்சியது. ராயர் நாற்காலியில் உட்காராமல், நின்றபடியே காதை ஆட்டிக்கொண்டிருந்தார். செங்கமலம் மட்டும் பரிவோடு கேட்டாள்.

"நின்னுக்கிட்டே இருக்கீங்களே ஐயா. கரடி வைத்தியர் சொன்ன களிம்பு இன்னும் கேக்கலையா?"

ராயரின் காதுகள் அப்படியே நின்றன. மலையடிவாரத்தில் ஒயரைச் செருகியதும் விதிப்படி காதுக் கருவியைக் கழற்றிவிடுவார்கள் என்று நம்பி, அங்கிருந்த கரடி வைத்தியரிடம் தன் மூலக்கடுப்பை ஒளிவுமறைவில்லாமல் விவரித்து வந்தவர் அவர். இனி எந்தக் காலத்திலும் கம்பியை வெட்டுவதில்லை என்று அங்கேயே கையெழுத்துப் போட்டார்.

திரும்பும் வழியில், மலையடிவாரத்துக்குத் தாங்கள் பேசியதெல்லாம் முயலுக்கும் கொக்குக்கும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்துகொண்டிருந்தது.

அடுத்த தேர்தலில் செங்கமலம் போட்டியின்றித் தலைவியானாள். இன்றுவரை அவள்தான் தலைவி. சங்கத்தின் ஆண்டுமலரில், ஆமை கொண்டுபோன மனுவால் கிடைத்த வெற்றி என்று அச்சாகியிருக்கிறது. ஆமை இன்னும் போய்ச் சேரவில்லை.

நீதி: அடுத்தவர் பேச்சை ஒட்டுக்கேட்பது தவறு. கேட்டுத்தான் தீர வேண்டுமென்றால், பெரிய இடமாகப் பார்த்துக் கேளுங்கள்.