எர்த் ஒயர்ப் படலம்

வாழிய எம் மூக்குக்கண்ணாடிக் கடை வேந்தர். கிட்டப்பார்வையை ஓட்டியவரும், தூரப்பார்வையைத் துரத்தியவரும், எழுத்துப் பலகையின் கடைசி வரியைத் தள்ளாத கிழவர்களையும் தடுமாறாமல் படிக்கவைத்தவருமாகிய அப்பெருமகனார், ஊரார் கண்ணுக்கெல்லாம் ஒளி தந்த தம் திருக்கரங்களால் ஒரேயொரு முகப்பு விளக்குக்கு ஒளி தரமாட்டாமல் பட்ட பெரும்பாட்டை இங்கே விரித்துரைக்கப் புகுகின்றோம். சோபாவுக்கு அடியில் உருண்டோடி ஒளிந்த நட்டுகளைக் காத்தருளும் தெய்வமே, எங்கள் சொல்லில் மரை கழலாமல் துணை நிற்பாயாக.

வேந்தர் பிறக்கும் முன்னே பிறந்து, யாரோ ஒருவருடைய கொட்டகையில் கோழிகள் ஏறி உறங்கும் கட்டிலாகக் கிடந்தது ஒரு மோட்டார் சைக்கிள். துருவே மேனியாகவும், சிலந்தி வலையே மாலையாகவும், எச்சமே சந்தனமாகவும் கிடந்த அதனைக் கண்ட மாத்திரத்தில் அவர் உள்ளம் பறிகொடுத்தார், விலைபேசினார், வீட்டுக் கூடத்தில் கொண்டுவந்து இறக்கினார். மழைக்கு முன் ஓட்டிக்காட்டுவேன் என்று மனைவியிடம் சூளுரைத்தார். மழை வந்தது, ஓய்ந்தது, வெயிலும் வந்து முதுகைச் சுட்டது. வண்டியோ அக்கு வேறு ஆணி வேறாகக் கிடந்தது. சமையலறை வாணலியில் செயின் மண்ணெண்ணெய்க் குளியல் கண்டது. சோப்பு டப்பாவில் ஸ்பார்க் பிளக் குடியேறியது. சோபாவின் நடுவே பெட்ரோல் டாங்க் கொலுவீற்றிருந்தபடியால், வந்த விருந்தினர் எல்லாரும் அதன் முன்னிலையில் கைகட்டி நின்றே பேசிவிட்டுப் போயினர்.

அவர் மனைவியோ ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ். இன்றோ நாளையோ என்று கிடந்தவர்களையெல்லாம் எழுப்பி நடக்கவைத்த பொறுமைக் கடல். கூடத்தைக் கடக்கும்போதெல்லாம் சுவரோடு ஒட்டி நண்டைப்போலப் பக்கவாட்டில் நடந்து நடந்து, ஒருநாள் ஆஸ்பத்திரி வராந்தாவிலும் அப்படியே நடந்துவிட்டாள். "என்னக்கா, இடுப்புப் பிடிப்பா?" என்று சின்ன நர்ஸ் கேட்டாள். அன்று பொங்கியது அந்தக் கடல். வீடு திரும்பியவள் கைப்பையைக்கூட இறக்காமல் ஆணை பிறப்பித்தாள்.

"ஞாயித்துக்கெழம காலையில பழைய இரும்புக்காரர வரச் சொல்லியிருக்கேன். அதுக்குள்ள ஓடுச்சுன்னா வண்டி உங்களுது. இல்லன்னா அவரு எடுத்துட்டுப் போயிடுவாரு. அவ்வளவுதான்."

இடியேறு கேட்ட நாகமெனத் துணுக்குற்றார் வேந்தர். மறுகணமே கச்சையை இறுக்கினார். பிஸ்டனுக்குப் புது வளையம் பூட்டினார், கார்புரேட்டரின் நுண்துளைகளை மனைவியின் ஊக்கினால் குத்தித் திறந்தார், சட்டகத்தைத் துரும்பளவு துருவும் இன்றித் தேய்த்து, அதன்மேல் கரும்பச்சை வண்ணத்தைப் பூச்சின்மேல் பூச்சாகப் பூசி, தம் முகம் தெரியும்வரை மெருகேற்றி, அதில் தம் முகத்தைப் பார்த்து ஒருமுறை மீசையும் முறுக்கிக்கொண்டார். பின்னர் வாணலிச் செயினையும் சோப்பு டப்பா பிளக்கையும் சோபா டாங்க்கையும் அதனதன் இடத்தில் பூட்டி, சிவப்பும் மஞ்சளும் கறுப்புமாகப் பின்னிக்கிடந்த ஒயர்ச் சேனையை அணிவகுத்து, முனைக்கு முனை பற்றவைத்து, டேப் சுற்றி, பேட்டரியின் எர்த் ஒயரைப் பளபளத்த சட்டகத்தோடு போல்ட்டு போட்டு முடுக்கினார்.

ஞாயிறு புலர்ந்தது. சாவியைத் திருகினார். விளக்கு விழிக்கவில்லை. ஹாரன் வாய்திறக்கவில்லை. ஸ்பார்க் பிளக்கில் ஒரு பொறியும் பறக்கவில்லை. பல்பை மாற்றினார். ஃபியூஸை மாற்றினார். தாமே முந்தைய நாள் சுற்றிய டேப்பைப் பகைவர் கோட்டையை இடிப்பதுபோல் கிழித்தெறிந்து மறுபடியும் சுற்றினார். பற்றவைக்கும் கம்பி கட்டைவிரலைச் சுட, விரலை வாயில் வைத்துக்கொண்டே போர் புரிந்தார்.

அப்போது வாசலில் மணியோசை கேட்டது. தராசும் சாக்குமாகத் தள்ளுவண்டியோடு வந்து நின்றார் பழைய இரும்புக்காரர். கூடத்தை எட்டிப் பார்த்து, மிக்க மரியாதையுடன் கேட்டார்.

"எடுத்துக்கலாங்களா அம்மா?"

வேந்தர் நிமிரவில்லை. பேட்டரியின் எர்த் ஒயரை எதற்கோ மறுபடி கழற்றி, அதைக் கையில் பிடித்தபடி, தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். கிரீஸ் பூசிய அந்தக் கழுத்தையும், வாயில் வைத்த விரலையும் நர்ஸ் ஒருகணம் பார்த்தாள். தானே வரவழைத்தவரைத் தானே நிறுத்தினாள்.

"கொஞ்சம் உக்காருங்கண்ணே, தண்ணி கொண்டுவரேன். அவரு இன்னும் முடிக்கல."

சொல்லிவிட்டு, வந்தவர் உட்கார இரும்பு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு சுவரோரமாகத் திரும்பினாள். அந்தோ, ஸ்டூலின் கால் சட்டகத்தில் உரசிற்று. கரும்பச்சைப் பெருவெளியில் வெள்ளிக்கோடாய் ஒரு கீறல் விழுந்தது.

"ஐயோ, என் பெயிண்டு" என்று அலறிப் பாய்ந்தார் வேந்தர். புண்பட்ட மகவைத் தடவும் தாய்போல அந்தக் கீறலைத் தடவினார். கையிலிருந்த எர்த் ஒயரின் முனை கீறலைத் தொட்டது. தொட்டதுதான் தாமதம், மேகம் கிழித்த ஞாயிறென முகப்பு விளக்கு பளீரென்று எரிந்து, நர்ஸின் கண்ணைக் கூசச்செய்தது.

தாம் பூச்சின்மேல் பூச்சாகப் பூசிய வண்ணமே மின்சாரம் போகவிடாமல் வழிமறித்த பகைவன் என்பது வேந்தருக்குப் புரிந்தது. முகம் சுண்டைக்காயளவு சுருங்கியது.

"அப்ப பெயிண்டைச் சுரண்டணும்" என்றார்.

"நான் வேணா சுரண்டவா? ஸ்டூல் கையிலதான் இருக்கு" என்றாள் மனைவி.

வேண்டாமென்று தலையசைத்து, உப்புத்தாளை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு, தம் மேனியையே தாம் அரிபவர்போல, போல்ட்டு இருந்த இடத்தின் வண்ணத்தைத் தாமே தேய்த்தெடுத்தார் அத்தியாகச் செம்மல். வெற்றிரும்பு வெளிப்பட்டதும் எர்த் ஒயரை முடுக்கினார். கிக்கரை மிதித்தார், இருமியது. மிதித்தார், வெடித்தது. மூன்றாம் முறை உயிரைக் கொடுத்து மிதிக்க, கூடமே அதிர, ஜன்னல் கண்ணாடிகள் கிடுகிடுக்க, கோழிக்கட்டிலாய்க் கிடந்த அந்தக் கிழட்டு எந்திரம் மதங்கொண்ட களிறெனப் பிளிறியது. புகைமண்டலத்துக்குள் நர்ஸ் இருமியபடியே சிரித்தாள். எடுத்துப்போக வந்த இரும்புக்காரர் வாசற்படியில் பலகை சார்த்தி வண்டியை இறக்கிவிட்டு, "நல்லா ஓடுதுங்க சார்" என்று சொல்லித் தம் மணியை அடித்துக்கொண்டு போனார்.

"ஏறும்மா" என்றார் வேந்தர், பின்னிருக்கையைத் துடைத்து.

"மொதல்ல நீங்க ஒரு சுத்து போய்ட்டு வாங்க. முழுசா வந்தீங்கன்னா ஏறுறேன்" என்றவள், வாசல் கேட்டைத் திறந்து பிடித்துக்கொண்டு, அவர் காதருகே ஏதோ சொன்னாள்.

திசைகள் செவிடுபட, நாய்கள் நாற்புறமும் சிதறியோட, மாடிதோறும் ஜன்னல்கள் திறந்து நோக்க, கீறலும் ஒரு வீரத்தழும்பென மின்ன, தலைக்கவசம் தரித்து, பகலென்றும் பாராமல் முகப்பு விளக்கை எரியவிட்டு, இனி இவ்வுலகில் தம்மை எதிர்த்து நிற்க எவருண்டு என்னும் மிடுக்குடன் முழங்கிப் புறப்பட்ட மூக்குக்கண்ணாடிக் கடை வேந்தர், தெருவின் எல்லையைக் கடந்து, வளைவில் சாய்ந்து, வானளாவப் புகைக்கொடி உயர்த்திச் சென்றார்.

பால் பாக்கெட் வாங்கிக்கொண்டு வந்தார்.