நலம்புரி நாட்டின் வலி மருந்துப் பெட்டி

ஏழு மலை தாண்டி, அதற்கப்பால் ஒரு சுங்கச்சாவடியும் தாண்டினால் நலம்புரி நாடு வரும். அந்நாட்டு அரசருக்குக் கேள்வி கேட்பதில் கொள்ளை ஆசை. பதிலைப் படிக்கத்தான் நேரம் இருப்பதில்லை.

ஒருநாள் எல்லா வைத்தியசாலைகளுக்கும் ஒரு படிவம் வந்தது. புற்றுநோயாளிகளைக் கவனிக்க உங்களுக்கு என்ன பயிற்சி தேவை என்று நூற்றுப் பன்னிரண்டு கேள்விகள். செங்கல்மேட்டுக் கிராம வைத்தியசாலையில் இருந்த ஒரே தாதி வடிவழகி எல்லாவற்றுக்கும் சேர்த்து மூன்று வரி எழுதினாள். "கட்டியைத் தொட்டால் எது கெட்டது என்று தெரியவில்லை. வலி மருந்து எத்தனை சொட்டு என்று தெரியவில்லை. யாராவது பத்து நாள் வந்து சொல்லிக் கொடுங்கள்."

சூளையில் கல் சுமக்கும் காத்தாயியை நினைத்துத்தான் அப்படி எழுதினாள். காத்தாயியின் மார்பில் எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு கட்டி இருந்தது. வடிவழகி இரண்டு முறை தொட்டுப் பார்த்துவிட்டாள், ஒன்றும் பிடிபடவில்லை.

எட்டு மாதம் கழித்துப் பதில் முரசறைந்து வந்தது. "தெரியாது எனத் தம் கைப்பட ஒப்புக்கொண்ட தாதியர் இனி நோயாளரைத் தொடலாகாது. வலி மருந்துப் பெட்டி பூட்டப்படும். சான்றிதழ் பெற்றவர் மட்டுமே அதைத் திறக்கலாம்." படிவத்தைக் குப்பையில் போட்டவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

பயிற்சியும் நடந்தது, பொய் சொல்லக்கூடாது. தலைநகரில் மூன்று நாள். தாதியர் வைத்தியசாலையை விட்டு வரமுடியாதே என்ற கருணையால், அவர்கள் சார்பில் மேலதிகாரிகள் போனார்கள். கடல் கடந்து வந்த வல்லுநர், அந்த நாட்டில் எங்குமே இல்லாத ஒரு கதிர்வீச்சு இயந்திரத்தைப் படம் போட்டு விளக்கினார். ஆளுக்கொரு தோல்பை, சான்றிதழ், பிரியாணி. செங்கல்மேட்டுக்காகப் போய்வந்தவர் வட்டார ஆணையர் புகழேந்தியார். அதற்குமுன் அவர் மீன்வளத் துறையில் இருந்தார்.

இதற்குள் காத்தாயியின் கட்டி உடைந்துவிட்டது. படுக்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே அழுதாள்.

"தாயி, மருந்து பொட்டிக்குள்ளதான இருக்கு? ரெண்டு சொட்டு ஊத்து தாயி. சாவுறதுக்குப் பயமில்ல. இந்த வலியைத்தான் தாங்க முடியல."

வடிவழகி ஆணையருக்கு ஆள் அனுப்பினாள். பதினோராம் நாள் அவர் வந்து பெட்டியைத் திறந்தார். புட்டியை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார்.

"எத்தனை சொட்டுங்கய்யா?" என்றாள் வடிவழகி.

"பயிற்சியில் அதுவரை போகவில்லை."

"அப்ப கொஞ்சம் கொஞ்சமா குடுத்துப் பாக்குறேன். பக்கத்துலயே உக்காந்திருக்கேன்."

"அளவு தெரியாமல் கொடுப்பது சட்டப்படி குற்றம், பெண்ணே. கொடுக்காமல் இருப்பது குற்றமே இல்லை."

பெட்டியைப் பூட்டிச் சாவியைத் தோல்பைக்குள் போட்டுக்கொண்டார்.

அதன்பின் காத்தாயி பத்தொன்பது நாள் உயிரோடிருந்தாள். பத்தொன்பது நாளும் கத்தினாள். வடிவழகிக்குச் சோறு இறங்கவில்லை. அந்தச் சத்தத்தைக் கேட்ட யாருக்குமே இறங்கியிருக்காது. ஆணையர் வீடு தூரத்தில் இருந்தது.

ஆண்டு முடிவில் அரசர் பெருமையோடு அறிவித்தார், நலம்புரி நாட்டில் தவறான அளவில் வலி மருந்து பெற்றவர் ஒருவர்கூட இல்லை என்று. உலகமே மூக்கில் விரல் வைத்தது. பார்த்துப் படித்துக்கொண்டு போக அயல்நாட்டுத் தூதுக்குழு ஒன்று செங்கல்மேட்டுக்கே வந்தது. குழுத்தலைவர் தம் மொழியில் ஏதோ கேட்டார்.

"உனக்கு இன்னும் என்ன தேவை என்று கேட்கிறார்," என்றார் ஆணையர்.

வடிவழகி அழுதபடியே கொட்டித் தீர்த்தாள்.

"தெரியலைன்னு உண்மையை எழுதினதுக்கு என் கையைக் கட்டிப்புட்டீங்க. ஒரு பொம்பள கத்திக் கத்தியே செத்தா. இன்னொருத்தி உள்ள நிக்கிறா, படுக்க முடியாம. சொல்லிக் குடுங்க, இல்லாட்டி சாவியைக் குடுங்க!"

விருந்தினர் அவள் கண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆணையர் புன்னகையோடு மொழிபெயர்த்தார்.

"ஒரு குறையும் இல்லை என்கிறாள். ஆனந்தத்தில் அழுகிறாள்."

எல்லோரும் கைதட்டினார்கள். இதே சட்டத்தைத் தங்கள் நாட்டிலும் கொண்டுவருவதாகச் சொல்லி, நகல் வாங்கிக்கொண்டு கிளம்பினார்கள். அவர்கள் வண்டியின் முன்னால் ஒரு கொடி படபடத்தது. நமக்கு நன்றாகத் தெரிந்த கொடிதான்.